ஒன்பதில் ஒரு பீப்பாய்

நான்காவது பீப்பாய் வரைக்கும் எனக்கு யார் மேலும் சந்தேகம் இல்லை. ஐந்தாவது உருண்டு வந்தபோதுதான் அது வந்தது.

பாடசாலை விட்டு நடந்து வந்துகொண்டிருந்தோம். பஸ் ஓடாத மாதங்கள் அவை. டீசல் இல்லை, பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. பொகவந்தலாவை பஜாரில் முச்சக்கர வண்டிகள் படங்கு போர்த்திக்கொண்டு வரிசையாகத் தூங்கின. நானும், என்னிடம் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மூன்று பிள்ளைகளும் தேயிலைத் தோட்டத்து வரைக்கும் தினமும் நடைதான்.

எங்கள் தோட்டத்தில் உரமும் சாமான்களும் வைக்கிற கட்டிடங்களுக்கு உரக் காம்பரா என்று பெயர். மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் நடுவே முப்பதடி நீளத்தில் ஒரு கொங்கிரீட் சரிவு. அதன் இரு பக்கமும் அரையடிச் சுவர். அன்றைக்கு மேல் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு. பெக்டரிக்கு விறகு அடுக்க இடம் வேண்டுமாம். அங்கே கிடந்த ஒன்பது தார்ப் பீப்பாய்களையும் இரண்டு ஆட்கள் ஒவ்வொன்றாகச் சரிவில் உருட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே பழைய டயர்களைக் குவித்து வைத்திருந்தார்கள். பீப்பாய் வந்து அதில் மோதி நிற்கும்.

நாங்கள் மதகில் உட்கார்ந்து கால் ஆற்றினோம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "கௌசல்யா, போன எடு. ஒவ்வொண்ணும் மேலருந்து டயருக்கு வர எத்தன செக்கன்னு பாரு" என்றேன்.

அந்தக் கிழமை வகுப்பில் சடத்துவத் திருப்பம் நடந்துகொண்டிருந்தது. ஆய்வுகூடத்தில் உருட்டிக் காட்ட ஒரு உருளைகூடக் கிடையாது. இருந்த ஒன்றும் காணாமல் போய் வருஷக்கணக்காகிறது. அதை எடுத்தது யார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இங்கே எழுதினால் இந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு வக்கீல் கடிதம் வரும்.

முதல் நான்கு பீப்பாய்களும் ஐந்து தசம் எட்டு செக்கனில் வந்தன. கொஞ்சம் முன்னே பின்னே, அவ்வளவுதான். ஐந்தாவது ஐந்து செக்கனில் வந்து டயரில் குத்தியது. மிச்ச நான்கும் திரும்ப ஐந்து தசம் எட்டு.

"என்னா டீச்சர் இது, ஒண்ணு மட்டும் ஓடுது?" என்றாள் கௌசல்யா.

என் குணம்

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பாலை முகர்ந்து பார்க்காமல் குடிக்க மாட்டேன். கதவைப் பூட்டிவிட்டுப் பத்தடி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளை படம் என்று ஒன்றைக் காட்டினார்கள். அது அவர் படம்தானா என்று பார்க்க, வீட்டில் சொல்லாமல் ஹட்டனுக்குப் பஸ் ஏறி அவர் வேலை செய்த கடைக்குப் போனேன். அவர் படம்தான். ஆனால் எட்டு வருஷம் பழையது. நான் சந்தேகப்பட்டதில் பாதி சரி என்று இன்றைக்கும் அவரிடம் சொல்வேன்.

படிப்பிலும் அப்படித்தான். சரிவில் உருளும் பொருளுக்குக் கணக்குப் போட்டால் திணிவு வெட்டுப்பட்டுப் போகும், ஆரையும் வெட்டுப்பட்டுப் போகும் என்று எனக்குப் படிப்பித்த சேர் சொன்னபோது நான் நம்பவில்லை. அதெப்படிப் பாரமானதும் லேசானதும் ஒன்றாக வரும்? விடுதிச் சமையலறையில் அம்மிக் குழவியையும் ரொட்டி உருட்டும் கட்டையையும் எடுத்து ஒரு சாய்த்த பலகையில் ஒன்றாக விட்டேன். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. குழவி என் காலில் விழுந்து நகம் போனது. அதற்குப் பிறகு நம்பினேன்.

அதனால்தான் ஆசிரியையாக வந்த பிறகு எந்தப் பிள்ளையாவது "பாரமானது வேகமா உருளும் டீச்சர்" என்று சொன்னால் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும். அந்தப் பிழைக்கு நான் அரைப் புள்ளிகூடப் போட்டது கிடையாது. நகம் கொடுத்து வாங்கிய அறிவு இல்லையா.

பாடம் இதுதான். ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு சிரமம் என்று சொல்லும் அளவுதான் சடத்துவத் திருப்பம். பாரம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது; அந்தப் பாரம் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் சிரமம் நான்கு மடங்கு. சரிவில் உருளும் பொருளுக்கு இரண்டு வேலை இருக்கிறது: முன்னால் போகவும் வேண்டும், தன்னைத்தானே சுழற்றவும் வேண்டும். சுழல்வதற்கு அதிகம் செலவழித்தால் பிந்தி வரும். குறைவாகச் செலவழித்தால் முந்தி வரும்.

தார் எங்கள் குளிரில் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். பீப்பாயோடு சேர்ந்து அதுவும் சுழலும். திண்ம உருளை.

அப்படியானால் முந்தி வந்த பீப்பாய்க்குள் ஏதோ ஒன்று சுழலாமல் வருகிறது. பீப்பாயின் தகரம் மட்டும் சுற்றுகிறது. உள்ளே இருப்பது சும்மா சறுக்கிக்கொண்டு வருகிறது. அது திரவம்தான். வாய்வரை நிறைத்திருந்தால் குலுங்குகிற சத்தம்கூட வராது.

அந்த மாதங்களில் பீப்பாயில் ஒளித்து வைக்கிற திரவம் வேறென்னவாக இருக்கும்?

செல்வி

இதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் இருந்தது. என் வீட்டில் செல்வி இருந்தாள்.

செல்வி என் புருஷனின் தங்கச்சி. அவள் புருஷனுக்கும் என் புருஷனுக்கும் கொழும்பில் வேலை. ரெயிலும் பஸ்ஸும் ஒழுங்காக இல்லாத நேரம், இரண்டு பேரும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். செல்விக்கு எட்டு மாதம். இரண்டு பிள்ளை கலைந்து போய், மூன்றாவதாகத் தங்கியது இது. கால் இரண்டும் வீங்கி, பிரஷர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மிட்வைப் மிஸ்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "தலவலி தாங்க முடியலன்னு சொன்னாலோ, கண்ணு மங்குதுன்னு சொன்னாலோ ஒரு நிமிஷம் நிக்காதீங்க. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. தாயும் போயிரும், புள்ளையும் போயிரும்."

எதில் கொண்டு போவது? தோட்டத்தில் ஒரு வேன் இருந்தது. உரக் காம்பராவுக்கும் வேனுக்கும் பொறுப்பு மாணிக்கம் அண்ணன்தான். ஐம்பது வயது மனிதர். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை சொல்வார். நானே போய்க் கேட்டேன்.

"அண்ணே, செல்விக்கு அவசரம்னா வேன் வருமா?"

"ஒரு சொட்டு டீசல் இல்லீங்களே டீச்சரம்மா."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சாவிக் கொத்தைப் பார்த்துச் சொன்னார். அதை நான் அன்றைக்கே மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த ஐந்து செக்கன் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு பீப்பாய் டீசலைப் பதுக்கி வைத்திருக்கிறான் பாவி! எவனுக்கு விற்கவோ! அன்று இரவு சோறு இறங்கவில்லை.

கரும்பலகையில் ஒரு திருடன்

மறுநாள் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் முன்னால் கணக்கைப் போட்டேன். சரிவின் கோணம் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஒரே சரிவு, ஒரே தூரம். நேரங்களின் வர்க்கங்களை ஒப்பிட்டால் போதும்.

ஐந்து தசம் எட்டின் வர்க்கத்தை ஐந்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஒன்று தசம் மூன்று ஐந்து வரும். திண்ம உருளைக்குக் கணக்கு ஒன்றரை: முன்னால் போக ஒன்று, சுழல அரை. ஒன்றரையை அந்த ஒன்று தசம் மூன்று ஐந்தால் வகுத்தேன். ஒன்று தசம் ஒன்று ஒன்று. முன்னால் போகிற ஒன்றைக் கழித்தால் சுழல்வதற்கு மிச்சம் பத்தில் ஒன்று சொச்சம்.

"வெறும் பீப்பாயோட பாரம் முழுப் பாரத்துல எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டேன்.

"பத்துல ஒண்ணு மாதிரி இருக்கும் டீச்சர்" என்றான் பின் வாங்கில் இருந்த ஒருவன். அவன் அப்பா பெக்டரியில் வேலை.

அந்த எண்ணைச் சுற்றிக் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டேன். பீப்பாயைத் திறக்காமல், தொடாமல், மதகில் உட்கார்ந்தபடி உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டோம். என் வாழ்நாளில் இவ்வளவு நன்றாக நான் படிப்பித்ததில்லை. அதைச் சொல்லவும் வேண்டும்.

அத்தோடு நின்றிருக்கலாம். நிற்பேனா? இடைவேளையில் ஒரு தாளை எடுத்து, தோட்டத்தின் உதவி முகாமையாளருக்கு, எங்கள் பேச்சில் சின்ன தொரைக்கு, கடிதம் எழுதினேன். தார்ப் பீப்பாய்களில் ஒன்றில் டீசல் இருக்கிறது, கணக்கு இதோ, விசாரியுங்கள் என்று எழுதி, அடியில் கையெழுத்தும் வைத்து, மலைக்குப் போகிற கங்காணி ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

எல்லாருக்கும் தெரியும்

வீட்டுக்கு வந்ததும் செல்விக்குச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். நான் கணக்கைச் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது.

"லெட்டர் போயிருச்சா அண்ணி?"

"காலையிலயே போயிருச்சு. நாளைக்குக் காலப் பெரட்டுல பேர் கூப்புட்டு முடிஞ்ச கையோட தொரை வந்து பாப்பாரு. அவன் வண்டவாளம் தெரியும்."

"ஐயோ அண்ணி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அது எனக்குத்தான் வச்சிருக்கு!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுதுகொண்டே அவள்தான் சொன்னாள். கடைசியாக டீசல் வந்தபோது, எல்லாவற்றையும் பெக்டரி ஜெனரேட்டருக்கும் பெரிய பங்களாவுக்கும் மட்டும் வைக்கச் சொல்லி உத்தரவாம். மாணிக்கம் அண்ணன் ஒரு பீப்பாயை மட்டும் ஒதுக்கி, அதன் மேல் தாரைப் பூசி, தார்ப் பீப்பாய்களோடு சேர்த்துவிட்டார். ஆஸ்பத்திரி அவசரத்துக்கு மட்டும். செல்வியைத் தவிர இன்னும் இரண்டு பேர் மாசமாக இருந்தார்கள். மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ராமையாவுக்கு ரத்தம் சுத்தம் பண்ண நுவரெலியாவுக்குப் போக வேண்டும்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் அண்ணி. வேன் டைவர், பீப்பா உருட்டுன ரெண்டு பேரு, மிட்வைப் மிஸ்ஸி, லயத்துல பொம்பளைங்க எல்லாருக்கும்."

"எனக்கு ஏன் சொல்லல?"

செல்வி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான் சொல்ல வேணாம்னேன். ஒங்களுக்கு ஒரு விசயத்த அடக்கி வச்சுக்கத் தெரியாதுல்ல. அவரு எங்கருந்து எடுத்தாரு, ஏன் எடுத்தாருன்னு நீங்க ஊரக் கூட்டிக் கேப்பீங்க."

ஒரு தோட்டமே சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறது, என் ஒருத்தியிடமிருந்து. அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. நாளைக்குத் தொரை அந்த டீசலை எடுத்துக்கொண்டு போனால், செல்விக்குக் கண் மங்குகிற அன்றைக்கு நான் என்ன செய்வேன்?

பாரமானது வேகமா வரும்

மறுநாள் காலை கீழ் உரக் காம்பராவுக்கு முன்னால் கூட்டம். பெரட்டு முடிந்து கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டிய பெண்கள் கூடையோடு நின்றார்கள். பாடசாலைக்குப் போகிற வழி அதுதான் என்பதால் என் பிள்ளைகளும் நின்றார்கள்.

ஒன்பது பீப்பாய்களும் உள்ளே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே உயரம். எது அந்த ஐந்தாவது என்று எனக்கே தெரியாது. மாணிக்கம் அண்ணனுக்குத் தெரியும். அவர் கதவோரம் சாவிக் கொத்தோடு நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

சின்ன தொரை இளம் வயது. சாப்பிட்டுவிட்டு நேரே வந்த மாதிரி இருந்தார். கையில் என் கடிதம்.

"டீச்சர், இது நீங்க எழுதினதா?"

"ஆமா சேர்."

"எந்தப் பீப்பா?"

இதுதான் நேரம். "எந்தப் பீப்பாயும் இல்ல சேர். என் கணக்குப் பிழை."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவர் கடிதத்தை விரித்தார். "அஞ்சு தசம் எட்டு, அஞ்சுன்னு எழுதியிருக்கீங்களே. ஒண்ணு மட்டும் ஏன் வேகமா வரணும்?"

"அது... மத்தத விட நல்லா நெறஞ்சிருந்திருக்கும் சேர். பாரம் கூட. பாரமானது வேகமா உருண்டு வரும்."

சொல்லிவிட்டேன். என் வாயாலேயே சொல்லிவிட்டேன். எதைச் சொன்ன பிள்ளைகளை வருஷம் முழுவதும் நிற்க வைத்துத் திட்டினேனோ, அதைச் சொன்னேன். பிள்ளைகள் நின்ற பக்கம் நான் திரும்பவே இல்லை.

அவர் புருவத்தைச் சுருக்கினார். "நானும் கொஞ்சம் சயன்ஸ் படிச்சவன்தான். எங்க சேர் திணிவு வெட்டுப்பட்டுப் போகும்னு சொன்ன ஞாபகம் இருக்கே?"

"அது புத்தகத்துல சேர். மலையில அப்படி இல்ல."

பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். அவர் நம்பவில்லை. என்னை மாதிரியே ஓர் ஆள் போலிருக்கிறது. "டைம் எடுத்தது யாரு?" என்றார்.

கௌசல்யா கையைத் தூக்கினாள். அந்தப் பிள்ளைக்கு நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை; சொல்ல நேரமும் இல்லை. வகுப்பில் பிழையைக் கண்டால் என்னையே திருத்துகிற பிள்ளை அவள்.

"நான்தாங்க சேர்" என்றாள். "அஞ்சாவது பீப்பா வரைல போன் ஸ்டக் ஆகிருச்சுங்க. பிந்தித்தான் அமுக்கினேன். டீச்சருகிட்ட சொல்லப் பயத்துல சும்மா அஞ்சுன்னு சொல்லிட்டேன்."

பீப்பாய் உருட்டிய இரண்டு பேரில் ஒருவர் பலமாகத் தலையாட்டினார். "பாரமானது வேகமாத்தாங்க தொரை வரும். நாங்க எத்தன வருசமா உருட்டுறோம்."

சின்ன தொரை எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மூலையில் நின்ற ஒரு பீப்பாயைக் காட்டினார். "மாணிக்கம், இத வெட்டு."

ஒன்பதில் ஒன்று. மாணிக்கம் அண்ணன் சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கோடரியை எடுத்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் எதையும் படிக்க முடியவில்லை. முதல் வெட்டில் தகரம் நெளிந்தது. இரண்டாவது வெட்டில் கிழிந்தது. நான் தரையைப் பார்த்தேன், ஏதாவது வழிகிறதா என்று.

எதுவும் வழியவில்லை. கிழிசலுக்குள்ளே கறுப்பாகப் பளபளவென்று தார் இறுகிக் கிடந்தது.

சின்ன தொரை என் கடிதத்தை நான்காக மடித்து என் கையிலேயே கொடுத்தார். "டீச்சர், ஒங்க சயன்ஸ ஸ்கூலோட வச்சுக்கங்க. எங்க வேலைய மெனக்கெடுத்தாதீங்க" என்றார். நூறு பேருக்கு முன்னால். கூடையோடு நின்ற பெண்களில் யாரோ சிரித்தார்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். மாணிக்கம் அண்ணன் நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. கோடரியின் தாரை ஒரு சாக்கால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து

காலை பத்து மணி இருக்கும். பாடசாலைக்கு ஆள் வந்தது: செல்விக்குக் கண் தெரியவில்லையாம். நான் ஓடி வந்து சேர்வதற்குள் வேன் லயத்து வாசலில் நின்றது. பெண்கள் அவளை ஏற்றிவிட்டிருந்தார்கள். என் மாற்றுச் சேலைகூட ஒரு பையில் தயாராக இருந்தது.

"டேங்க்ல கொஞ்சம் கெடந்துச்சுங்க டீச்சர்" என்றார் டிரைவர், என்னைப் பார்க்காமல்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. வழி முழுவதும் செல்வி என் கையைப் பிடித்திருந்தாள். வளைவுகளில் அவள் நகம் என் தோலில் இறங்கியது. ஒப்பரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை, இரண்டு கிலோகூட இல்லை. ஆனால் நர்ஸ் கதவைத் திறந்து வெளியே வருவதற்கு முன்பே அதன் அழுகை வந்துவிட்டது. நான் அங்கேயே வாங்கில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

இன்னும் அரை மணி நேரம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கினார். போதும் டொக்டர், சொல்லாதீங்க என்றேன்.

பதினொரு தாள்கள்

திரும்பி வந்த பிறகு பாடசாலையில் என் நிலைமை பரிதாபம். சின்ன தொரையின் மனைவி எங்கள் பாடசாலையில்தான் ஆங்கிலம் படிப்பிக்கிறார். நல்ல பெண், ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாது. "டீச்சர், பாரமானது வேகமா வருமா?" என்று ஓய்வறையில் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

வகுப்பில் அந்தப் பாடத்தை நான் திரும்பத் தொடவில்லை. எப்படித் தொடுவது? அன்றைக்குச் சொன்னது பொய் என்று கரும்பலகையில் எழுதினால், அந்தச் சொல் சாயந்தரத்துக்குள் பங்களாவுக்குப் போய்விடும். பீப்பாயில் இன்னும் டீசல் இருந்தது. இன்னும் இரண்டு பேர் பிள்ளை பெறவில்லை. ராமையா இருந்தார். என் பிள்ளைகள் பிழையைப் படித்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன். அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

தவணைப் பரீட்சை வந்தது. வினாத்தாள் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வருவது, நான் போடுவதில்லை. பிரித்துப் பார்த்ததும் பகீர் என்றது. ஒரே அளவான இரண்டு திண்ம உருளைகள். ஒன்றின் திணிவு மற்றதைவிட இரண்டு மடங்கு. ஒரே சரிவில் ஒன்றாக விடப்பட்டால் எது முதலில் அடியை அடையும்? காரணம் தருக.

விடைத்தாள்களைத் திருத்த ஓய்வறை ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முதல் தாளில்: பாரமான உருளை. இரண்டாவதில்: பாரமான உருளை. மூன்றாவதிலும் அதுவே. பதினொரு பேரும் அதையே எழுதியிருந்தார்கள். காரணமும் கிட்டத்தட்ட ஒரே வசனம்.

என் புத்தி போகுமா? பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். முன்வாங்கில் ஒருவர் எழுத, பின்னால் எல்லாரும் இறக்கியிருக்கிறார்கள். கோபத்தோடு கௌசல்யாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவள் வருவதற்குள், அழித்த தடம் ஏதும் இருக்கிறதா என்று அவள் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

தடம் இருந்தது. விடைக்குப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதி, நன்றாகத் தேய்த்து அழித்திருந்தாள். ஆனால் பென்சில் அழுத்தியது தெரிந்தது. இரண்டும் ஒன்றாக வரும். திணிவு வெட்டுப்படும். அதன் கீழே முழுக் கணக்கும், ஒரு வரி பிசகாமல்.

அடுத்த தாளை எடுத்துப் பிடித்தேன். அதிலும் ஓரத்தில் அழித்த தடம். அதற்கடுத்த தாளில் இல்லை. அதற்கடுத்ததில் இருந்தது. எண்ணிப் பார்த்தபோது ஏழு தாள்களில் இருந்தது.

கௌசல்யா வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். நான் தாளைக் காட்டி, "என்னா இது?" என்றேன்.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மறுபக்க மேசையில் ஆங்கில டீச்சர் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். கௌசல்யா குனிந்து சொன்னாள்: "பேப்பரு இங்கதானங்க டீச்சர் கெடக்கும். யாரு பாப்பாங்கன்னு தெரியாதுல்ல. அதான் எல்லாருமா பேசிக்கிட்டோம். மறந்துறலன்னு ஒங்களுக்கு மட்டும் தெரியட்டும்னுதான் சில பேரு பென்சில்ல போட்டோம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆங்கில டீச்சர் நிமிர்ந்து பார்க்கிறாரோ என்று ஒரு சந்தேகம் வர, மூக்கைச் சிந்துகிற மாதிரிச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தக் கேள்விக்குப் பதினொரு தாள்களிலும் ஒவ்வொன்றாகச் சரி போட்டேன். முழுப் புள்ளி. கௌசல்யா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் சரிங்களா டீச்சர்?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டாள்.

"எல்லாருக்கும் சரி" என்றேன், அதைவிடச் சத்தமாக.